நாலரை மணிக்கு என்ன இருக்கிறது? சென்னையில் உள்ளூர்ப் பொருளில் வீட்டுத் தீனி செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பள்ளி வேன் நாலரை மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். ஷூவைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்: "சாப்பிட என்ன இருக்கு?" அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். சிறுதானியத்தின் பெருமையை அப்போது எடுத்துச் சொல்லிப் பயனில்லை.

இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதல் தடவை ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் தினை, சாமை, கம்பு, வரகு என்று ஆளுக்கொரு கிலோ மாவாக வாங்கி வந்து அடுக்கினேன். மூன்றாம் வாரம் கம்பு மாவு கசந்துபோனது, தினை மாவில் பூச்சி ஓடியது. அடுத்த தடவை ஒரு ஞாயிறு முழுக்க நின்று முறுக்கு சுட்டோம். புதன்கிழமைக்குள் டின் காலி, வியாழக்கிழமை மறுபடி பாக்கெட். அதனால் கீழே எழுதியிருப்பது எல்லாம் நாலரை மணிக்கு எது மேசைமேல் இருக்கும் என்ற கணக்கில் எழுதியதுதான்.

முதல் படி: குப்பைக்கூடையைப் பாருங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். காலிப் பாக்கெட்டுகளை மட்டும் வீசாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தரையில் கொட்டிப் பாருங்கள். எங்கள் பையில் பதினேழு இருந்தன. அதில் ஐந்து நான் ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கித் தின்றவை. பிள்ளைகளைக் கண்டிக்கலாம் என்று உட்கார்ந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் பார்த்தால் போதும். 'மில்லட்' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பாக்கெட்டிலும் பின்பக்கம் கோதுமை மாவோ மைதாவோ முதலில் நிற்கலாம். பாமாயில் எத்தனை பாக்கெட்டில் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அந்த எண்ணெய் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது என்பதை அப்போது சொன்னால் காதில் ஏறும்.

இரண்டாம் படி: 'உள்ளூர்' எதுவரை?

நான் வைத்துக்கொண்ட எல்லை, விடிகாலை பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர். மாநில எல்லையைப் பார்க்க மாட்டேன். சித்தூரும் நெல்லூரும் ஆந்திராதான், ஆனால் மதுரையைவிட நமக்குப் பக்கம். இந்த வட்டத்துக்குள் கிடைக்காததைத் தமிழ்நாட்டுக்குள் தேடுவேன். அங்கேயும் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று வாங்கிவிடுவேன். பெருங்காயத்துக்கு யாரும் உள்ளூர் தேட முடியாது.

இந்தக் கண்ணோடு நம்முடைய பலகாரங்களைப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் உண்டு. மெரினாவின் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் சென்னைக்கே உரியது என்று நினைக்கிறோம். அதிலுள்ள காய்ந்த வெள்ளைப் பட்டாணி பெரும்பாலும் கனடா, ரஷ்யா பக்கத்திலிருந்து இறக்குமதியாவது. ரிப்பன் பக்கோடாவுக்கும் ஓமப்பொடிக்கும் வேண்டிய கடலைப் பருப்பு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தானிலிருந்து வரும். தேன்குழலோ பச்சரிசியும் உளுந்தும்தான். அரிசி நம் வட்டத்திலேயே விளைகிறது. உளுந்தை டெல்டாவில் நெல் அறுவடையை ஒட்டி, வயலில் இருக்கும் ஈரத்திலேயே தை மாதம் தெளித்துவிடுவார்கள். ஆக, கடலை மாவு போட்ட பலகாரத்தைவிட உளுந்து போட்டது நமக்குப் பல நூறு மைல் பக்கம்.

எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் இருப்பது வேர்க்கடலை. எங்கள் அம்மாவுக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். அங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர், மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து வந்த சொல். அதன் பூர்வீகம் தென்னமெரிக்கா, பெயர் பிலிப்பைன்ஸ் ஊருடையது, விளைவது விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும். எங்கே பிறந்தது என்று தோண்ட ஆரம்பித்தால் மிளகாயைக்கூடத் தொட முடியாது. இப்போது எங்கே விளைகிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

நம் வட்டத்தில் எளிதாகக் கிடைப்பவை: வேர்க்கடலை, கேழ்வரகு, கம்பு, ஜவ்வாது மலைச் சாமை, எள், காராமணி, கொள்ளு, வெல்லம், அரிசி, அவல், பொரி, கீரை, வாழைக்காய், பண்ருட்டிப் பலா, முந்திரி. கொஞ்சம் தள்ளிப் போனால் சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரவள்ளிக்கிழங்கும் அதிலிருந்து வரும் ஜவ்வரிசியும், பொள்ளாச்சித் தேங்காயும்.

மூன்றாம் படி: வாங்கும் இடங்கள்

உழவர் சந்தையில் தொடங்குங்கள். 1999-இல் மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள். இப்போது நங்கநல்லூர், பல்லாவரம் போன்ற இடங்களில் உண்டு. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் கடை போடலாம். விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் இருக்கும். காலை ஏழு மணிக்குள் போனால்தான் கீரையும் கிழங்கும் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் போனால் தண்டுதான். விலையைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். அவர் ஊர்ப்பெயரைச் சொல்லி, போன வாரம் பெய்த மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னால் அவர் நிஜமாகவே பயிர் வைக்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோயம்பேட்டில் எல்லாம் கிடைக்கும், எல்லா ஊரிலிருந்தும் கிடைக்கும். 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து அங்கே மாறிய மார்க்கெட். தக்காளி மதனப்பள்ளி, கோலார், பெரிய வெங்காயம் மகாராஷ்டிரம், கேரட் ஊட்டி. மூட்டைமேல் இருக்கும் எழுத்தே ஊரைச் சொல்லும். ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கும் நாளில் மட்டும் போனால் போதும். தீபாவளிக்கு முன்னால் நாங்கள் போவோம், மற்ற நாளில் அந்த நெரிசலுக்கு எங்களால் ஆகாது.

தெருவில் வரும் கீரைக்காரம்மாவை விட்டுவிடாதீர்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும் பயிர். வெகுதூரம் பயணம் செய்ய அவற்றால் முடியாது, அதனால் பெரும்பாலும் ஊரைச் சுற்றியே விளைகின்றன. முருங்கைக்கீரைக்கு அதுவும் வேண்டாம். நாலு வீடு தள்ளி ஒரு மரம் இருக்கும். கேட்டால் "ஒடச்சிக்கோப்பா" என்பார்கள்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போகும். மளிகைக் கடையில் வேர்க்கடலைப் பருப்பு கிலோ என்ன விலை என்று பாருங்கள், இரண்டரையால் பெருக்குங்கள். செக்கெண்ணெய் என்ற பெயரில் அதைவிட வெகுவாகக் குறைந்த விலைக்கு ஒருவர் கொடுத்தால், பிண்ணாக்கை விற்று வரும் காசைக் கழித்தாலும் கணக்கு இடிக்கும். இந்தப் பெருக்கலைப் போடாமல் ஒரு கடையில் எட்டு மாதம் வாங்கினேன். அம்மா ஊரிலிருந்து வந்து மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "இதுல மல்லாட்டை வாசனையே இல்லையேடா" என்ற பிறகுதான் விட்டேன்.

வெல்லத்தில் மஞ்சளாகப் பளபளப்பதைத் தவிருங்கள். நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பது உண்டு. கருப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதை வாங்குங்கள். கடலை உருண்டைக்கு மட்டும் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா வெல்லத்தில் பாகு கெட்டிப்பட மறுக்கும்.

நான்காம் படி: முதல் மாதம் எண்ணெய்ச் சட்டியைத் தொடாதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முறுக்கிலிருந்து தொடங்குகிறார்கள். அது தீபாவளி வேலை. அன்றாடத்துக்கு அவித்ததும் வறுத்ததும்தான் தாங்கும். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டே நாள் வீட்டுத் தீனி, மற்ற நாள் பழம், பாக்கெட், எதுவோ. இரண்டு நாள் பழகிய பிறகு மூன்றாக்குங்கள்.

பச்சை வேர்க்கடலை கிடைக்கும் காலத்தில் அதுதான் ராஜா. மார்கழிப் பட்டத்தில் போட்டது பங்குனி, சித்திரையில் வரும். ஆனி, ஆடியில் போட்டது புரட்டாசி, ஐப்பசியில் வரும். மண்ணோடு இருக்கும், நாலைந்து தண்ணீர் விட்டு அலச வேண்டும். குக்கரில் மூழ்கத் தண்ணீர், தாராளமாகக் கல்லுப்பு, ஐந்து விசில். பிரஷர் இறங்கிய பிறகும் அரை மணி அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் உப்பு தோலோடு நின்றுவிடும். காலையிலேயே அவித்து வடிகட்டி வைத்தால் நாலரைக்குத் தயார். பிள்ளைகளே உரித்துக்கொள்வார்கள். உரிக்கிற வேலை இருப்பதால் கைபேசியைத் தொட மாட்டார்கள் என்பது உபரி லாபம்.

மூன்று எச்சரிக்கை. நாலைந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். இடித்துக் கொடுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்புறம், கருத்தது, சுருங்கியது, கசப்பது எதையும் பாதகமில்லை என்று சேர்க்காதீர்கள். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது. சென்னைக் காற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கடலையைச் சேமிக்கவே வேண்டாம்.

சுண்டலுக்குக் காராமணி எடுங்கள். கொண்டைக்கடலையைப்போல இரவு முழுக்க ஊற வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் போட்டால் மதியத்துக்குள் ஊறிவிடும், இரண்டு மூன்று விசிலில் வெந்துவிடும். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்த்துருவல். பெரியவள் காரமாகக் கேட்பாள், சின்னவன் வெல்லம் போடச் சொல்வான். ஒரே காராமணியை இரண்டாகப் பிரித்து இரண்டும் செய்துவிடலாம். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு இரவே வேகவைத்து, தாளிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளுக்கு வரும்.

அவலையும் பொரியையும் குறைத்து நினைக்காதீர்கள். வெறும் வாணலியில் அவலை மொறுமொறுப்பாக வறுத்து, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் சேர்த்துப் புரட்ட பத்து நிமிடம். மிக்சர் கேட்கும் வீட்டுக்கு இதுதான் முதல் பதில்.

ஐந்தாம் படி: சிமிலி

ஒரே ஒரு பலகாரம் மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் கேழ்வரகுச் சிமிலியைக் கற்றுக்கொள்ளுங்கள். வட தமிழ்நாட்டுப் பலகாரம். தென் மாவட்டத்து நண்பர்கள் சிலர் இந்தப் பெயரையே கேட்டதில்லை என்றார்கள். கேழ்வரகு, வேர்க்கடலை, எள், வெல்லம் நான்கும் நம் வட்டத்துக்குள் விளைபவை. எண்ணெய்ச் சட்டி வேண்டாம், பாகுப் பதம் வேண்டாம்.

ஒரு ஆழாக்கு, அதாவது ஒரு சின்ன டம்ளர், கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, சூடான தண்ணீர் தெளித்து அடைப் பதத்துக்குப் பிசையுங்கள். மெல்லிய அடைகளாகத் தட்டி, தோசைக்கல்லில் மிதமான தீயில், ஓரத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நன்றாக வேகவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் கெட்டது. உள்ளே பச்சை வாசனை இருந்தால் வெல்லம் போட்டும் மறையாது. அடை சூடு தணிவதற்குள் அரை ஆழாக்கு வேர்க்கடலையையும் இரண்டு கரண்டி எள்ளையும் தனித்தனியாக வறுத்துவிடலாம். எள் பொரியும் சத்தம் அடங்கியதும் இறக்குங்கள்.

அடையைப் பிய்த்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் அடை, பிறகு தோல் நீக்கிய கடலையும் எள்ளும், கடைசியில் பொடித்த வெல்லம் அரை ஆழாக்குக்குக் கொஞ்சம் மேலே. ஒரேயடியாக அரைத்தால் கடலை எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். கையில் எடுத்து அழுத்தினால் தானே பிடிபட வேண்டும். வெதுவெதுப்பு இருக்கும்போதே உருட்டுங்கள். பன்னிரண்டு உருண்டை வரும். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியது, அடுத்த நாள் கல்லாகிவிடும். எங்கள் வீட்டில் அடுத்த நாள் என்ற பிரச்சினையே வந்ததில்லை.

அம்மா உரலில் இடித்துச் செய்தது இதைவிட நன்றாக இருந்தது. மிக்சியில் வந்தது எண்பது சதவீதம் என்று அவரே மதிப்பெண் போட்டுவிட்டார்.

கேழ்வரகு மாவை மாதத்துக்கு வாங்கலாம். கம்பு மாவை மட்டும் வாரத்துக்கு வேண்டிய அளவுக்கு அரைத்துக்கொள்ளுங்கள். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்த சில நாளிலேயே கசப்பேறத் தொடங்கும். நான் முதலில் சொன்ன அந்தக் கிலோ மாவின் கதை அதுதான்.

ஆறாம் படி: கடலை உருண்டை

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதம் வீட்டில் வராது, ஆசைப்பட வேண்டாம். உருண்டை வரும்.

இரண்டு கப் வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலை, ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பாகு வெல்லம். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். பாகை ஒரு சொட்டு விட்டால் முதலில் கரையும், பிறகு மெத்தென்று உருளும். பலரும் இங்கே நிறுத்திவிட்டுப் பல்லில் ஒட்டுகிறது என்று புலம்புவார்கள். இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள். உருட்டிய துளியைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும், ஒடித்தால் ஒடிய வேண்டும். உடனே அடுப்பை அணைத்து, சுக்குத்தூளும் ஏலக்காயும் போட்டுக் கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். கையில் அரிசி மாவு தடவிக்கொண்டு இரண்டு பேராக உட்கார்ந்தால்தான் ஆறுவதற்குள் உருட்டி முடிக்கலாம். கைபொறுக்காத சூடு, பிள்ளைகளை அப்போது பக்கத்தில் விடாதீர்கள். ஆறி இறுகிவிட்டால் வாணலியை மறுபடி ஒரு நிமிடம் சிறு தீயில் காட்டுங்கள், இளகிவிடும்.

ஏழாம் படி: மாதத்தில் ஒரு நாள் தேன்குழல்

மாவு மில்லுக்கு நீங்களே போங்கள். மாவுப் பச்சரிசி நான்கு பங்கைக் கழுவி, துணியில் நிழல் உலர்த்தலாக உலர்த்திக்கொள்ளுங்கள். வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்த உளுந்து ஒரு பங்கு. மில்லில் "எனக்கு முன்னாடி என்ன ஓடிச்சு?" என்று கேட்பது முக்கியம். மிளகாயோ மல்லியோ ஓடியிருந்தால் காத்திருந்து, அரிசி போடுகிறவருக்குப் பின்னால் நில்லுங்கள். ஒருமுறை இதைக் கேட்காமல் கொடுத்து, லேசாகச் சாம்பார் மணக்கும் தேன்குழல் சுட்டோம். அரைத்த மாவு சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் விரித்து ஆறவிட்டு, சலித்து, பிறகு டப்பாவில் போடுங்கள்.

நான்கு கப் அரிசி மாவு, ஒரு கப் உளுந்து மாவு, இரண்டு மேசைக்கரண்டி உப்பில்லாத வெண்ணெய், சீரகம் அல்லது எள், பெருங்காயத் தண்ணீர், உப்பு. மொத்தத்தையும் ஒரே தடவையில் பிசைந்து வைக்காதீர்கள். நேரமாக ஆக மாவு மாறி, கடைசி ஈடு சிவந்துபோகும். உலர் கலவையைத் தயாராக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று தடவையாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள். எண்ணெயில் ஒரு துளி மாவு போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். புகை வரும் அளவுக்குக் காயவிட வேண்டாம். முறுக்கைப் போட்டதும் எழும் குமிழும் சலசலப்பும் அடங்கினால் வெந்துவிட்டது என்று பொருள், நிறத்தைப் பார்த்துக் காத்திருந்தால் கருகிவிடும்.

தப்பு நடந்தால் காரணத்தைத் தேடுவது சுலபம். அச்சிலிருந்து பிழியும்போதே அறுந்தால் தண்ணீர் போதவில்லை. எண்ணெயில் போட்டதும் உதிர்ந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. கடிக்க முடியாமல் கெட்டியாக இருந்தால் வெண்ணெய் குறைவு. எண்ணெய் குடித்திருந்தால் ஒன்று வெண்ணெய் அதிகம், இல்லை எண்ணெய் காயவில்லை. சீடை மட்டும் முதல் வருடம் வேண்டாம். உள்ளே காற்றோ கட்டியோ இருந்தால் வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். தட்டைக்கும் குச்சியால் நாலைந்து குத்துக் குத்திவிட்டுப் போடுங்கள்.

வடிய வைக்க நாளிதழ் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் இறங்கும். சல்லடைத் தட்டு போதும். மீந்த எண்ணெயை வடிகட்டி இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்திவிடுங்கள், அடுத்த மாதப் பொரிப்புக்கு எடுத்து வைக்காதீர்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

எட்டாம் படி: நமத்துப்போகாமல் வைப்பது

கடற்கரை ஊரில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த முறுக்கு அரை மணியில் நமத்துவிடும். முழுதாக ஆறிய பிறகே மூட வேண்டும். பெரிய டின் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன எவர்சில்வர் சம்படம் நான்கு. ஒன்றைத்தான் வெளியே வைக்க வேண்டும், மீதி மூன்றும் மேல் பரணில். எங்கள் புதன்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். நமத்ததை வெறும் வாணலியில் சிறு தீயில் சில நிமிடம் சூடு காட்டினால் திரும்ப மொறுமொறுக்கும்.

திறந்த சம்படத்தை வைக்கும் இடம் பிள்ளைகளின் தோள் உயரத்தில் இருக்கட்டும். மீதமிருக்கும் பாக்கெட்டுகளைத்தான் உயரத்தில் வைக்க வேண்டும். என் மனைவி ஒரு நாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரத்தில் நான் வாங்கி வந்த பாக்கெட் ஒன்று பிரிக்கப்படாமலே கிடந்தது.

மாதத்துக்கு மாதம்

தை மாதத்தில் பலகாரமே செய்ய வேண்டாம். பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பச்சை மொச்சை, கரும்பு எல்லாம் வந்து குவியும். அவித்தால் முடிந்தது. மாசி, பங்குனி வெயில் வடகத்துக்கு. எட்டு மணிக்கு முன்னால் மொட்டைமாடியில் பிழிந்துவிட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். காக்காய்க்குப் பழைய கறுப்புக் குடை ஒன்றை விரித்து வையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிச் சாவிக்கு அசோசியேஷனிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். முதல் தட்டு வடகத்தைச் செயலாளர் வீட்டுக்குப் பொரித்துக் கொடுத்து நாங்கள் சாவி வாங்கினோம்.

சித்திரை, வைகாசியில் நுங்கு, மாங்காய், பலாச்சுளை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரும், அதனால் நொச்சிக்குப்பம் பக்கம் காலையில் போனால் நெத்திலி அகப்படலாம். மாலை நெத்திலி வறுவலுக்கு ஈடான தீனி எதுவும் எனக்குத் தெரியாது, சைவ வீட்டார் மன்னிக்கவும். ஆடியில் கூழ், புரட்டாசி நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல், கார்த்திகைக்குப் பொரி உருண்டை. ஆவணி மட்டும் எங்களுக்கு வறட்சிதான், கொய்யாவும் அவலும் வைத்து ஓட்டுகிறோம்.

பிள்ளைகளோடு ஒப்பந்தம்

பாக்கெட்டை முழுக்கத் தடை செய்யாதீர்கள். நாங்கள் செய்து பார்த்தோம், சின்னவன் பள்ளியில் நண்பனிடம் முறுக்கைக் கொடுத்துச் சிப்ஸ் வாங்கித் தின்றான். இப்போது சனிக்கிழமை ஒரு பாக்கெட், அவர்கள் விருப்பம், கேள்வி கிடையாது. மற்ற நாளில் என்ன என்பதை ஞாயிறு காலை அவர்களே காலண்டரில் எழுதுவார்கள். எழுதியவர்தான் அன்றைக்கு உரிக்கவோ உருட்டவோ உதவ வேண்டும். பெரியவள் உழவர் சந்தையில் பை பிடிக்க வந்து, இப்போது என்னைவிட நன்றாக "எந்த ஊருங்க?" கேட்கிறாள். போன வாரம் ஒருவர் உளுந்தூர்பேட்டை என்று சொன்னதும், அங்கே உளுந்துதான் விளையுமா என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்துவிட்டாள்.

இந்த வார அட்டவணையில் செவ்வாய், வியாழன் இரண்டும் அவித்த மல்லாட்டை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் பிள்ளைகளின் ஆயா, அதாவது என் அம்மா, வருகிறார், மூட்டையோடு. ஏழரைக்குக் கிளாம்பாக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார். "கோணி ஒண்ணு எடுத்துக்கிட்டு வாடா, போன தடவ மாதிரி பிளாஸ்டிக் பையோட நிக்காத" என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார்.